புறப்படுகிறவரைக் கேட்கக்கூடாத கேள்வி

பிள்ளையள், மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதுசா வந்திருக்கிறியள். ரெண்டு மொழியிலையும் சோதினை எழுதிப் பாஸ் பண்ணி, அகராதியும் கையுமாய் இருக்கிறியள். நல்லது. எனக்கு இஞ்ச அரை மணித்தியாலம் தந்திருக்கினம், அனுபவத்தைச் சொல்லுங்கோ எண்டு. நான் முப்பது வருசம் இந்தத் தொழிலில கிடந்தனான். சரியாச் செய்த வேலையளைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவியள். அதால நான் பிழை விட்ட கதை ஒண்டைச் சொல்லுறன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் விட்ட பிழை அது.

அப்ப சண்டைக்காலம். துறைமுகப் பக்கம், ஓர்ஸ் ஹில்லால இறங்கிப் போற இடத்தில ஒரு பாஸ் கந்தோர் இருந்தது. கடலுக்குப் போறவைக்குப் பாஸ், அக்கரைக்குப் போறவைக்குப் பாஸ், சொந்தக்காரர் வீட்டில ரெண்டு நாள் தங்கப் போறவைக்கும் பாஸ். சனம் தமிழில சொல்லும், அதிகாரிமார் சிங்களத்தில கேப்பினம், நடுவில நான். பக்கத்து மேசையில தட்டெழுத்துக்கு றசீனா. கிண்ணியாக்காரி, சரியான வாய்க்காரி. நாளும் பாதையில வந்து பாதையில போறவ. வெளியூர்ப் பிள்ளையள் இதில இருந்தால் சொல்லுறன், பாதை எண்டால் எங்கட பக்கத்தில கிண்ணியாவுக்கு ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவை. மற்ற ஊரில பாதை கிடந்த இடத்திலயே கிடக்கும், மனுசர்தான் போவினம். எங்கட ஊரில பாதையும் போகும், அதைத் தவற விட்டிட்டு நாங்கள் நிப்பம்.

கஷ்டமான காலம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் அந்த மேசையில இருந்து சனத்தின்ர கதையைக் கேட்டு நான் சிரிச்ச சிரிப்பு, பிறகு எந்தக் கந்தோரிலயும் சிரிக்கேல்ல. விண்ணப்பத்தில 'நிரந்தர முகவரி' எண்டு ஒரு கட்டம். மூண்டு தரம் இடம்பெயர்ந்து வந்த ஒரு மனுசன் அதைப் பாத்திட்டு, "எந்த வருசத்து நிரந்தரம் பிள்ளை?" எண்டு கேட்டார். வயசு கேட்டால், பெரிய புயல் அடிச்ச அண்டைக்குத் தன்னைத் தொட்டில் சீலையோட தூக்கிக்கொண்டு ஓடினவையாம் எண்டு ஒருத்தி சொல்லுவா. அதை நான் இலக்கமாக்கிக் குடுக்கவேணும். வீடு எவ்வளவு தூரம் எண்டு கேட்டால், ஒரு சுருட்டுப் பத்தி முடியிற தூரம் எண்டு பதில் வரும். அதை நான் அப்படியே சிங்களத்தில சொல்ல, ஆற்ற சுருட்டு எண்டு அதிகாரி கேட்டார். எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி மேசை லாச்சிக்குள்ள வைச்சிருந்தனான். சொல்லு எண்டால் எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையாலதான் மாட்டுப்பட்டனான்.

ஒரு திங்கக்கிழமை புது அதிகாரி ஒருத்தர் வந்தார். இருபத்தஞ்சு வயசு இருக்கும். மலைப்பக்கத்தில கடலே காணாத ஒரு கிராமம். வந்த முதல் நாளே அவருக்குச் சல்லி எண்ட மீன்பிடி ஊரின்ர கரைப் பொறுப்பு. இரவில கடலுக்குப் போகத் தடை, விடியத்தான் வள்ளம் இறக்கலாம். அவர் ஜீப்பில போய்க் கரையில நிண்டு பாஸைப் பாத்துப் பாத்து விடவேணும். அண்டைக்கு விடியவும் போய் நிண்டிட்டுத்தான் கந்தோருக்கு வந்தவர். வந்து என்ர மேசைக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டிட்டு, தான் கம்பம் மாதிரி நிக்கிறதும், சனம் முகத்தை இறுக்கிக்கொண்டு பாஸை நீட்டுறதும் தனக்குப் பிடிக்கேல்ல எண்டார். ஒரு நல்ல வார்த்தை கேக்க ஆசையாம், தமிழில. ஒரு வசனம் போதுமாம்.

எனக்கெண்டால் வலு சந்தோசம். அந்தக் காலத்தில அப்படி வந்து கேட்ட அதிகாரிமாரை ஒரு கையில எண்ணலாம். என்ன வசனம் வேணும் எண்டு கேட்டன். தங்கட ஊரில ரோட்டில ஆரைக் கண்டாலும் கேக்கிறதைத்தான் கேட்டார். 'கொஹெத யன்னே?' எங்க போறியள் எண்டு அர்த்தம். ஆனால் கேக்கிறவருக்கு விபரம் தேவையில்லை, போறவரும் விபரம் சொல்லமாட்டார், 'நிக்கங்', சும்மா எண்டிட்டுப் போவார். முகத்தைக் கண்டதுக்கு ஒரு சந்தோசம், அவ்வளவுதான். பதில் வேண்டாத ஒரு கேள்வியை ஒரு ஊரே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரியுது எண்டது எனக்குச் சரியாப் பிடிச்சுக்கொண்டுது. கொப்பியில அதையும் எழுதிப்போட்டு, ஒரு துண்டில சிங்கள எழுத்தில அவருக்கு எழுதிக் குடுத்தன்: 'எங்க போறீங்கள்?' றகரம் அவற்ற நாக்கில ஏற அரை நாள் எடுத்துது. பின்னேரம் வாசலால போன சிங்களப் பியோனை அவர் கேக்க, பியோனும் சிரிச்சான். றசீனா அண்டைக்கு லீவு, பிள்ளைக்குக் காய்ச்சல்.

இப்ப உங்களில சில பேற்ற முகம் மாறுது. ஓம், உங்களுக்கு விளங்கிட்டுது. எனக்கு அண்டைக்கு விளங்கேல்ல.

விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன். எங்கட பக்கத்தில ஒருத்தர் வெளிக்கிட்டு வாசலில இறங்கினாப் பிறகு எங்க போறியள் எண்டு கேக்கப்படாது. கேட்டால் போற காரியம் சரிவராது. கட்டாயம் அறியவேணும் எண்டால் 'தூரமோ?' எண்டு மெல்லமாக் கேப்பம். தப்பித்தவறி ஆராவது கேட்டிட்டால், வெளிக்கிட்ட ஆள் திரும்பி வந்து, கொஞ்சநேரம் இருந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் திரும்ப இறங்கவேணும். கடைக்குப் போறவனே அப்படி எண்டால் கடலுக்குப் போறவன் எப்படி இருப்பான்? அதுவும் சண்டைக்காலத்துக் கடலுக்கு? இதெல்லாம் எனக்குச் சின்னனிலயே தெரிஞ்ச விசயம். எங்கட வீட்டிலயும் அப்படித்தான். ஆனால் மேசையில குந்தி மொழிபெயர்க்கேக்க நான் வீட்டை மறந்துபோனன். சொல்லுக்குச் சொல்லுப் பொருந்தின சந்தோசத்தில இருந்தனான்.

செவ்வாய்க்கிழமை விடியச் சல்லியில முதல் வள்ளம் தங்கராசாவின்ரது. சம்மாட்டி, மூண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், கோயில் காரியங்களிலயும் முன்னுக்கு நிக்கிறவர். அவர் வள்ளத்தைத் தள்ளி, ஒரு கால் தண்ணியில, ஒரு கால் மணலில நிக்கேக்க, எங்கட அதிகாரி முகமெல்லாம் சிரிப்பா, "எங்க போறீங்கள்?" எண்டிருக்கிறார். தங்கராசா வள்ளத்தைத் திருப்பி மணலில ஏத்திப்போட்டு, குந்தியிருந்து, போத்தலில தண்ணி குடிச்சார். பின்னால நிண்ட வள்ளங்களும் அப்படியே. கொஞ்சநேரத்தால எல்லாரும் எழும்பித் திரும்பத் தள்ளியிருக்கினம். எங்கட ஆள் விட்டாரோ? உச்சரிப்புப் பிழைச்சுப் போச்சுது எண்டு நினைச்சு, இன்னும் வடிவா, இன்னும் சத்தமா, கையையும் ஆட்டிக் கேட்டார். திரும்பவும் மணல், திரும்பவும் தண்ணி. மூண்டாம் தரம் கேக்க, வெயில் ஏறிட்டுது எண்டு எல்லாரும் வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டை போயிட்டினம்.

புதன் அப்படி. வியாழன் அப்படி. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கந்தோரில பாஸுக்கு முத்திரை குத்திக்கொண்டு இருந்தனான்.

வியாழன் மத்தியானம் மேலிடத்தில இருந்து அதிகாரிக்கு ரெலிபோன் வந்துது. மூண்டு நாளாச் சல்லிக் கடலில ஒரு வள்ளமும் இல்லை, என்ன நடக்குது, ஆர் சொல்லி நிப்பாட்டினது எண்டு கேட்டவையாம். அந்தக் காலத்தில வள்ளம் நிண்டால் காரணம் கடலா இருக்காது, ஆரோ ஒருத்தற்ற கட்டளையாத்தான் இருக்கும் எண்டு முடிவு கட்டுவினம். முதல் வள்ளம் ஆற்றது எண்டு கேக்க, தங்கராசாவின்ரது எண்டு அதிகாரி சொல்லிப்போட்டார். பொய் சொல்லேல்ல, அதுதான் உண்மை. வெள்ளிக்கிழமை காலமை தங்கராசாவைக் கூட்டிக்கொண்டு வந்து உள் அறையில இருத்திச்சினம். பின்னேரத்துக்குள்ள விளக்கம் கிடைக்கேல்லையெண்டால் ஆளைப் பெரிய முகாமுக்கு அனுப்பிறது, சல்லியின்ர பாஸ் எல்லாத்தையும் நிப்பாட்டுறது எண்டு உத்தரவு. பெரிய முகாம் எண்டால் என்னெண்டு எனக்கும் தெரியும், வெளியில வேப்பமரத்துக்குக் கீழ நிண்ட அவற்ற மனுசிக்கும் தெரியும்.

என்னைக் கூப்பிட்டு உள்ளுக்க இருத்திக் கதவைச் சாத்திச்சினம். அறையில நாங்கள் மூண்டு பேர்தான். அதிகாரியின்ர முகத்தில அந்தத் திங்கக்கிழமைச் சிரிப்பு இல்லை. தான் சிநேகமா நிண்ட மூண்டு நாளும் தன்னைப் பேயனாக்கிப் போட்டினம் எண்டு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு வெப்பிசாரம். நேரடியாக் கேட்டார், வள்ளத்தைத் திருப்பச் சொன்னது ஆர் எண்டு. நான் தமிழில கேட்டன்.

தங்கராசா என்னைப் பாக்கேல்ல. அதிகாரியைப் பாத்து, வலு மரியாதையா, "ஐயாதான்" எண்டார்.

பிள்ளையள், எங்கட தொழிலில 'நான்' எண்ட சொல்லு எங்களுக்குச் சொந்தமில்லை. அதிகாரி 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லவேணும், மீனவர் 'நான்' எண்டாலும் அப்படித்தான். ஒரு அறையில மூண்டு பேர், ரெண்டு 'நான்', அதில ஒண்டுகூட என்ர இல்லை. இதுவும் ஒரு விசித்திரம்தான், எனக்குப் பிடிச்ச விசித்திரம். ஆனால் அந்த நேரம் 'நீங்கள்தான் சேர் சொன்னது' எண்டு என்ர வாயால சொல்லவேண்டிக் கிடந்துது. நழுவி ஒரு சமாளிப்பு மொழிபெயர்ப்புச் செய்வமோ எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன். செய்யேல்ல. சொன்னதைச் சொன்னபடி சொன்னன்.

அதிகாரி கதிரையை விட்டு எழும்பினார். தான் என்னத்தைச் சொன்னது எண்டு கேட்டார். தங்கராசா, அவற்ற அந்த உச்சரிப்பு வரைக்கும் அப்படியே பிடிச்சு, சொல்லிக் காட்டினார். கடலுக்குப் போகவேண்டாம் எண்டு நேர சொல்லாமல், ஐயா மரியாதையா, எங்கட முறையிலயே மறிக்கிறார் எண்டு ஊரில எல்லாரும் பேசிக்கொண்டவையாம். பெரிய இடத்து உத்தரவு போல, எதிர்த்துக் கதைக்கப்படாது எண்டு பேசாமல் இருந்தவையாம்.

அந்த வசனம் என்ர வசனம். என்ர கையெழுத்தில, அவற்ற சட்டைப் பொக்கற்றுக்குள்ள அப்பவும் கிடந்தது.

பயந்தனான், ஓம். என்ர வேலை அப்ப நிரந்தரமில்லை. ஒப்புக்கொண்டால் வேலை போகலாம். வேலை போனால் பரவாயில்லை, வேணுமெண்டுதான் எழுதிக் குடுத்தனான் எண்டு நினைச்சால் தங்கராசாவுக்குப் பக்கத்தில எனக்கும் ஒரு கதிரை. பேசாமல் இருந்தால் எனக்கு ஒண்டுமில்லை, அந்த மனுசன் பின்னேரம் ஜீப்பில ஏறுவார். நான் கையில இருந்த பேனையை மேசையில வைச்சிட்டு, "சேர், இப்ப நான் சொல்லுற நான், நான்தான்" எண்டன். சிங்களத்தில அது இன்னும் கோணலாக் கேட்டிருக்கும். பிறகு எல்லாத்தையும் சொன்னன், வழக்கத்தை, தண்ணியை, 'தூரமோ'வை, என்ர மறதியை.

அவர் நம்பேல்ல. உங்கட ஆளைக் காப்பாத்தக் கதை கட்டுறியள் எண்டார். அவற்ற இடத்தில நானெண்டாலும் நம்பியிருக்கமாட்டன். நேரத்தைப் பாத்தார், பன்னிரண்டாக இன்னும் கொஞ்சம் இருந்தது. என்னையும் தங்கராசாவையும் சுவர்ப்பக்கம் திரும்பி இருக்கச் சொன்னார், மூச்சும் விடப்படாதாம். வெள்ளிக்கிழமையில றசீனா வெள்ளன வெளிக்கிட்டு மத்தியானப் பாதையைப் பிடிக்கிறவ. அவவுக்கு உள்ளுக்க நடந்த கதை ஒண்டும் தெரியாது. எங்கட ஆள் கெட்டிக்காரன், அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். றசீனாவின்ர செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போகுது. அதிகாரி கதவைத் திறந்து, எங்க போறீங்கள் எண்டு கேட்டார். செருப்பு நிண்டுது. நான் சல்லி அம்மாளாச்சியைக் கூப்பிட்டனான். பக்கத்தில தங்கராசாவும் ஏதோ முணுமுணுத்தார். பிறகு செருப்பு திரும்பி வந்துது. கதிரை இழுபட்டுது. கைப்பை மேசையில விழுந்துது. போத்தல் மூடி திறக்கிற சத்தம், தண்ணி குடிக்கிற சத்தம். கடைசியா றசீனாவின்ர குரல், இனி அடுத்த பாதைதான் எண்டு தனக்குத்தானே புறுபுறுத்தது. நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினன், கண்ணால தண்ணி வந்துது. அது சிரிப்பின்ர தண்ணியோ பயத்தின்ர தண்ணியோ எண்டு இண்டைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏன் போகேல்ல எண்டு அதிகாரி அவவைக் கேக்க, றசீனா கடைத்தெருச் சிங்களத்தில நல்லாக் குடுத்தா. வெளிக்கிட்ட ஆளை வாசலில வைச்சு ஆராவது அப்படிக் கேப்பினமோ, சேருக்கு இதையெல்லாம் ஆர் படிப்பிச்சது எண்டு. ஆர் படிப்பிச்சது எண்டு அறிஞ்சாப் பிறகு எனக்கு விழுந்த பேச்சு வேற கதை, அதை இஞ்ச சொல்லேலாது.

அவர் உள்ளுக்க வந்து கதவைச் சாத்திப்போட்டு, எங்களைத் திரும்பச் சொன்னார். முகம் காதுவரைக்கும் சிவந்து கிடந்தது. விரலில எண்ணினார், செவ்வாய், புதன், வியாழன். மூண்டு நாளும் வீட்டில என்ன சமைச்சவை எண்டு தங்கராசாவைக் கேட்டார். கருவாடு இருந்தது ஐயா எண்டார் தங்கராசா. பிறகு அதிகாரி ரெலிபோனை எடுத்து மேலிடத்தோட கதைச்சார். தான் கேட்ட ஒரு சுகநல விசாரிப்பாலதான் வள்ளம் திரும்பினது எண்டு சொன்னார், என்ர பெயரைச் சொல்லேல்ல. அந்தப் பக்கம் ஆரோ பெருஞ்சிரிப்புச் சிரிச்சது எங்களுக்கும் கேட்டுது. இனி முதல் நாள் பின்னேரம் வலை காயிற நேரத்தில வந்து, நாளைக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டுப் பதியிறது, விடியக் கரையில வாயே திறக்கிறேல்ல எண்டு அப்பவே முடிவாச்சு.

இதில உங்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான். சொல்லின்ர அர்த்தத்தைப் பாத்தால் போதாது. அது ஆற்ற காதில, எந்த நேரம், எந்த வாசலில விழப்போகுது எண்டு பாத்திட்டு வாயைத் திறவுங்கோ. அகராதியில வாசல் இல்லை.

கதை முடியேல்ல, இருங்கோ. தங்கராசா போகலாம் எண்டு சொன்னாச்சு. அவர் சால்வையை உதறித் தோளில போட்டுக்கொண்டு எழும்பினார். அதிகாரிக்கு அந்த மனுசனை வெறுமன அனுப்ப மனமில்லை. என்னட்டத் திரும்பி, 'கிஹின் என்ன' எண்டதுக்குத் தமிழில என்ன எண்டு கேட்டார். போய் வாங்கோ. அது ரெண்டு மொழியிலையும் அச்சொட்டா ஒண்டு. அவையும் போய் வாறன் எண்டுதான் விடைபெறுவினம், நாங்களும் அப்படித்தான். போறன் எண்டு தனியச் சொன்னால் அபசகுனம் எண்டு வீட்டுக்காரர் ஏசுவினம். இந்த முறை சொல்லும் பொருந்துது, வழக்கமும் பொருந்துது. வாய் வரைக்கும் வந்திட்டுது.

வந்தது நிண்டுது. நான் அந்த அறையைப் பாத்தன், அந்தக் கதிரையைப் பாத்தன். யன்னலால வேப்பமரத்துக்குக் கீழ நிண்ட மனுசி தெரிஞ்சா.

"சேர், இந்த வாசலில அதைச் சொல்லுறேல்ல" எண்டன்.

ஏன் எண்டு கேட்டார். அவர் என்னைப் பாத்தார், கதவைப் பாத்தார். பிறகு மெல்லமா, செத்தவீட்டில மாதிரியோ எண்டு தானாவே கேட்டார். அவையின்ர ஊரிலயும் செத்தவீட்டால வெளிக்கிடேக்க போய் வாறன் எண்டு சொல்லமாட்டினமாம், அப்படி ஒரு காரியத்துக்குத் திரும்பவும் வரப்படாது எண்டு.

"ஓம் சேர்" எண்டன்.

எனக்கு அந்தப் பெடியனில உண்மையாப் பாவமா இருந்துது. ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆசைப்பட்டு வந்தவர், அவர் இருந்த கதிரையில இருந்துகொண்டு சொல்லக்கூடிய நல்ல வார்த்தை ஒண்டு ரெண்டு மொழியிலையும் இருக்கேல்ல. அவர் எழும்பினார், தன்ர கையாலயே கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டார். தங்கராசா வாசற்படியைத் தாண்டினார். தாண்டினாப் பிறகு திரும்பி, அண்டைக்கு முதல் தரமாச் சிரிச்சார்.

"அப்ப ஐயா, நான் போறன்."

நான் சிங்களத்தில சொன்னன். வாறன் எண்டு சொல்லேல்லையோ எண்டு அதிகாரி கேட்டார். இல்லை சேர், போறன் எண்டு மட்டும்தான் சொன்னவர் எண்டன்.

நல்லது எண்டார் அவர். அதைத் தங்கராசாவுக்குத் தமிழில சொல்ல நான் திரும்பினன். ஆள் அதுக்குள்ள மனுசியையும் கூட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டிட்டார்.